வரப்போகும் ஸ்டாருக்கு விலை போடும்போது நாம் செய்யும் தப்புகள்

ரங்கூனில் ஆகஸ்டு என்றால் மழையும், கால்பந்து ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் வதந்தியும் சேர்ந்தே கொட்டும். அனவ்ரதா வீதியில் காளி கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடையில், குட்டி முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பலாட்டாவும் அவித்த பட்டாணியும் ஆறுவதுகூடத் தெரியாமல், யார் வருகிறான், எத்தனை கோடி, யாரை விற்றுப் பணம் புரட்டப்போகிறார்கள் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவோம். ஒருநாள் கடைக்கார அண்ணன் கல்லாவிலிருந்தே கேட்டார்: “லிவர்பூல் வரவு செலவெல்லாம் விரல் நுனியில வச்சிருக்கீங்க, என் கடைப் பாக்கி மட்டும் மறந்துபோகுதோ?”

நியாயம்தான். ஆனால் லிவர்பூல் வரவு செலவையும் நாங்கள் தப்பாகத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். கீழே வருகிற தப்பு ஒவ்வொன்றையும் நானே செய்து, டீ வாங்கிக் கொடுத்துத் தோற்றிருக்கிறேன்.

முதலில் சைபர். நமக்கு இது தனித் தலைவலி. பர்மியப் பக்கங்களில் தெய்ன், தான் என்று எழுதுவார்கள்; தெய்ன் என்றால் லட்சம், தான் என்றால் பத்து லட்சம். இங்கிலீஷில் மில்லியன். நம் வாயில் கோடி. ஒரு செய்தி இங்கிலீஷிலிருந்து பர்மியத்துக்கு வந்து, அங்கிருந்து நம் ஆட்களின் போன் குரூப்புக்கு வருவதற்குள் ஒரு சைபர் கூடியோ குறைந்தோ போயிருக்கும். சைபரில் தப்பித்தாலும் எந்த நாட்டுக் காசு என்பதில் மாட்டிக்கொள்வோம். 2022இல் ஹாலண்டு என்ற ஆட்டக்காரன் டார்ட்மண்டு கிளப்பை விட்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போன தொகை 6 கோடி யூரோ, அதாவது ஏறக்குறைய 5.1 கோடி பவுண்டு. இந்த இரண்டையும் வெவ்வேறு செய்தி என்று நினைத்து, “விலையை ஏத்திட்டாங்க, குறைச்சிட்டாங்க” என்று இரண்டு நாள் சண்டை போட்டவர்கள் நாங்கள். டாலருக்கு வங்கி விலை 2,100 கியாட் என்றும் வெளிவிலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கே இந்தக் கதி.

சரி, அதைவிடப் பெரிய தப்புக்கு வருவோம். மற்ற குழப்பங்களில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது. 10 கோடி பவுண்டுக்கு ஒருவனை வாங்கினார்கள் என்றால், ஒரு பையில் 10 கோடியைப் போட்டு எண்ணிக் கொடுத்துவிட்டார்கள், பெட்டி காலி என்று நினைப்பது. நம் ஊரில் ஒரு காலத்தில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களின் பேரேட்டைக் கண்ணால் பார்த்த தாத்தாக்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது உடனே புரியும்: கையை விட்டுப் போகிற காசு ஒரு கணக்கு, ஏட்டில் பற்று எழுதுவது இன்னொரு கணக்கு. ஆட்டக்காரனை வாங்கும் கிளப் காசைத் தவணையாகக் கொடுக்கும். ஏட்டிலோ அந்தத் தொகையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து வருடா வருடம் செலவு எழுதும். 10 கோடி, ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 2 கோடி. அந்த வருடம் காசு எவ்வளவு கைமாறியது என்பதற்கும் இந்த 2 கோடிக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை.

2023 ஜனவரியில் செல்சி கிளப் என்சோ ஃபெர்னாண்டஸை வாங்கியதைப் பாருங்கள், இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் தெரியும். பென்ஃபிகாவிலிருந்து அவனைக் கழற்றிக் கொண்டுபோக ஒப்பந்தத்தில் எழுதியிருந்த தொகை 12 கோடி யூரோ. அதை அப்படியே மொத்தமாகக் கட்டாமல், 12.1 கோடி தருகிறோம், ஆனால் தவணையில் தருகிறோம் என்று செல்சி பேசி முடித்தது. ஒரு ரொக்க விலை, ஒரு தவணை விலை என்று தையல் மெஷின் கடையில் எழுதிப் போட்டிருப்பதுபோலத்தான். அதோடு ஒப்பந்தம் எட்டரை வருடம். 12.1 கோடியை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 2.42 கோடி, எட்டரையால் வகுத்தால் 1.42 கோடி. ஒரே ஆளுக்கு வருடம் ஒரு கோடி யூரோ ஏட்டில் மிச்சம். “செல்சிக்கு எங்கிருந்துதான் பணம் வருது?” என்று நாம் வாய் பிளந்தபோது அவர்கள் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ அதே 2023 கோடையிலும் இங்கிலாந்தின் மேல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் அந்த டிசம்பரிலும் இந்த வகுத்தலை ஐந்து வருடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கட்டிப்போட்டுவிட்டன. ஆகவே இப்போது யாராவது “ஏழு வருஷ ஒப்பந்தம், அதனால செலவு கம்மி” என்று சொன்னால், பழைய கணக்கு என்று சொல்லுங்கள்.

அப்புறம் சம்பளம். விலையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவோம், சம்பளத்தைப் பற்றி மூன்று நிமிடம். ஒரு பேச்சுக்கு, 8 கோடி பவுண்டு விலை, வாரம் 3 லட்சம் சம்பளம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சத்தை 52ஆல் பெருக்கினால் வருடம் 1.56 கோடி, ஐந்து வருடத்துக்கு 7.8 கோடி. ஆக விலை எவ்வளவோ சம்பளமும் ஏறக்குறைய அவ்வளவே. அதற்கு மேல் இங்கிலாந்தில் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 15 சதவீதம், ஏஜென்டுக்குக் கொடுப்பது, கையெழுத்துப் பணம் என்று வரிசையாக இருக்கிறது. இதனால்தான் “ஃப்ரீயா வர்றான்” என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எம்பாப்பே 2024இல் பாரிஸிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம்தான், ஆனால் அவன் சும்மா வந்தான் என்று மாட்ரிட் கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சம்பளத்திலேயே இன்னொரு குழி உண்டு, இது வெளியே தெரியாது. இத்தாலியில் பத்திரிகைக்காரர்கள் எழுதுவது வரி போகக் கைக்கு வருகிற சம்பளம், அதுவும் வருடக் கணக்கில். இங்கிலாந்தில் எழுதுவது வரி பிடிக்கும் முன்பு, வாரக் கணக்கில். இத்தாலியில் 60 லட்சம் யூரோ வாங்குகிறவனுக்கு அதே காசு கையில் நிற்க இங்கிலாந்தில் ஏறக்குறைய இரட்டிப்பு கொடுக்க வேண்டும். இது தெரியாமல் “அங்கே வாங்குறதைவிட நாம கொஞ்சம் கூடக் கொடுத்தா வந்துடுவான்” என்று நான் ஒரு வாரம் வாதாடினேன். என் மச்சான் ஒரு கணக்கப்பிள்ளை, அவர்தான் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்.

விற்கிற பக்கமும் இதேபோல. “இவனை 4 கோடிக்கு வித்துட்டு அவனை 4 கோடிக்கு வாங்கிடலாம், வரவும் செலவும் சரியாப் போச்சு.” போகாது. 6 கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கியவனை இரண்டு வருடம் கழித்து 4 கோடிக்கு விற்றால், அவன் பெயரில் ஏட்டில் இன்னும் 3.6 கோடி பாக்கி நிற்கும். லாபம் என்று எழுத முடிவது 40 லட்சம்தான். அதே 4 கோடிக்கு கிளப்பிலேயே சின்ன வயதிலிருந்து வளர்ந்த பையனை விற்றால் பாக்கி எதுவும் கிடையாது, 4 கோடியும் லாபம், அதுவும் அந்த வருடமே. சொந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள், ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். எனக்கு இந்தக் கணக்கு விதியின் மேல் தீராத கடுப்பு. ஊர்ப் பையன் என்று கைதட்டிவிட்டு அவனையே முதலில் தள்ளிவிட வைக்கிற விதி என்ன விதி?

“முதலாளி பெரிய பணக்காரன், அவன் நினைச்சா யாரையும் வாங்குவான்” என்பதும் இதோடு வருகிற தப்பு. இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கே ஒரு கதை உண்டு. 2009இல் ரங்கூனிலிருந்த அமெரிக்கத் தூதரகம் எழுதி, அடுத்த வருடம் விக்கிலீக்ஸ் வழியாக வெளியான ஒரு குறிப்பு, அப்போதைய ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வே 100 கோடி டாலர் கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டையே வாங்கலாமா என்று யோசித்ததாகச் சொல்கிறது. பேரனுக்கு ஆசையாம். நர்கீஸ் புயல் அடித்து அதிகக் காலம் ஆகாத நேரத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்று கைவிட்டு, அதற்குப் பதிலாக உள்ளூர்த் தொழிலதிபர்களைக் கிளப் தொடங்கச் சொல்லி மியான்மர் தேசிய லீக் பிறந்தது என்று அந்தக் குறிப்பு முடிச்சுப் போடுகிறது. எங்கள் கடையில் யுனைடெட்காரர்கள் அதிகம் என்பதால் இந்தப் பேச்சை எடுத்தாலே பாதிப் பேர் எழுந்து வெற்றிலை வாங்கப் போய்விடுவார்கள்.

அந்தக் காலத்தில் முதலாளி கொட்டினால் கொட்டியதுதான், கேட்க ஆள் கிடையாது. பின்னால் விதி வந்துவிட்டது. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக் வைத்திருந்த விதி எவர்ட்டன் கிளப்பை 2023 நவம்பரில் 10 புள்ளி இழக்க வைத்தது, அப்பீலில் அது 6 ஆனது, அடுத்த ஏப்ரலில் இன்னொரு 2 போனது. உலகத்திலேயே பெரிய பணக்கார முதலாளி என்று நாம் பொறாமைப்படும் நியூகாசிலை எடுத்துக்கொள்ளுங்கள், 2021இலிருந்து சவூதி அரசின் முதலீட்டு நிதி கையில்தான் இருக்கிறது. 2024 ஜூன் கடைசியில் அவர்கள் எலியட் ஆண்டர்சன் என்ற உள்ளூர்ப் பையனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் மின்டே என்ற இன்னொருவனை பிரைட்டனுக்கும் அவசர அவசரமாக விற்றார்கள். காசு இல்லாமல் விற்கவில்லை. ஏட்டில் அந்த நஷ்ட வரம்பு இடித்தது. 2026-27 பருவத்திலிருந்து விதி இன்னும் நேராக இருக்கிறது: சம்பளம், ஏட்டில் எழுதும் டிரான்ஸ்ஃபர் செலவு, ஏஜென்ட் பணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 85 சதவீதத்துக்குள். ஆகவே முதலாளியின் சொத்தை விட்டுவிட்டு கிளப்பின் வருமானத்தைப் பார்க்கப் பழகுங்கள். ஸ்பெயினில் இது முன்பே உண்டு. 2021இல் மெஸ்ஸி சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கச் சம்மதித்தும் பார்சிலோனாவால் அவனைப் பதிவு செய்ய முடியாமல் போனது அந்த லீகின் சம்பள வரம்பால்தான்.

ஜூன் கடைசி என்று சொன்னேனே, தேதியையும் கவனியுங்கள். பல கிளப்புக்கு ஜூன் 30இல் கணக்கு மூடுகிறது. ஃபாரஸ்ட் 2023இல் பிரென்னன் ஜான்சனை ஜூன் 30க்குள் விற்றிருக்கலாம், பிரென்ட்ஃபோர்ட் கேட்டது. விலை குறைச்சல் என்று காத்திருந்து செப்டம்பர் 1ஆம் தேதி டாட்டன்ஹாமிடம் 4.75 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். நல்ல வியாபாரம்தானே? ஆனால் அந்தக் காசு அடுத்த வருடக் கணக்கில் போய் உட்கார்ந்தது, மூடிய கணக்கில் ஓட்டை அப்படியே இருந்தது, 4 புள்ளி பறிபோனது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது கணக்கு மூடும் தேதிக்குச் செல்லாது.

சட்டை விற்றே போட்ட காசை எடுத்துவிடுவார்கள் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டை விற்கிற காசில் பெரும்பங்கு தைக்கிற கம்பெனிக்கும் கடைக்கும் போகும், கிளப்புக்கு வருவது ஒரு சிறு பங்கு. நம் ஊரில் விற்கிற சட்டையில் அந்தச் சிறு பங்கும் கிடையாது, ஒரு பியா காசுகூடப் போகாது, அது எங்கே தைத்தது என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

கடைசியாக, “மெடிக்கல் முடிஞ்சது, இனி மாறாது.” மெடிக்கல் என்றால் கையெழுத்துக்கு முன்பு ஆட்டக்காரனுக்கு நடக்கும் உடல் பரிசோதனை. 2025 செப்டம்பர் 1 இரவு லண்டனில் ஏழு மணிக்கு டிரான்ஸ்ஃபர் சந்தை மூடியது, நமக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. கரண்ட் இல்லை. பால்கனியில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், விபிஎன் அறுந்து அறுந்து வருகிறது. இசாக் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கு வந்துவிட்டான், பின்னாலேயே கிரிஸ்டல் பேலஸின் கேஹி வரவேண்டும், விலை பேசியாயிற்று, மெடிக்கலும் ஆயிற்று. குரூப்பில் நான் வரவேற்புப் படமே போட்டுவிட்டேன். பேலஸுக்கு அவன் இடத்தில் போட ஆள் கிடைக்கவில்லை, கடைசி நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். காலையில் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

எனக்கு அது புதிதும் இல்லை. 2018 ஜூனில் லியோன் கிளப்பின் ஃபெக்கிர் லிவர்பூல் சட்டை போட்டுப் படம்கூட எடுத்தபிறகு பேச்சு முறிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆங் சான் ஸ்டேடியம் பக்கம் ஒரு கடையில் சட்டை வாங்கி முதுகில் அவன் பெயரை அடித்துக்கொண்டு வந்திருந்தேன். கடைக்காரன் அப்போதே கேட்டான், “அண்ணே, ஆள் வந்துட்டானா?” என்று. இப்போது வருடா வருடம் தின்ஜான் தண்ணீர் விளையாட்டுக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். சாயம் முக்கால்வாசி போய்விட்டது, பெயர் மட்டும் ஒரு எழுத்துக்கூட உரியவில்லை.