கல்வி நிதியை வெட்டும்போது முதலில் தேட வேண்டிய தாள்

"கல்வி நிதியைக் குறைக்காதே" என்று பேனர் எழுதும் முன் ஒரு தாளைத் தேடிப் பிடியுங்கள். எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், எந்தத் தொகையில் கை வைத்தார்கள் என்று சொல்லும் தாள். அது இல்லாமல் போனால், "அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை, போய்ப் படியுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

2015இல் நான் டெல்லியில் ஆய்வு மாணவி. அக்டோபர் 7 அன்று கூடிய பல்கலைக்கழக மானியக் குழு, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாக வரும் உதவித்தொகை இல்லாத ஆய்வு மாணவர்களுக்குக் கிடைத்துவந்த ஃபெல்லோஷிப்பை நிறுத்த முடிவெடுத்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்ஃபில் மாணவருக்கு மாதம் 5,000 ரூபாய், பிஎச்டி மாணவருக்கு 8,000. என் மெஸ் பில், ஜெராக்ஸ், கள ஆய்வுக்கான ரயில் டிக்கெட், அம்மாவுக்கு அனுப்புவது எல்லாமே அந்த 8,000தான். தேதியும் தொகையும் தெளிவாக இருந்ததால், அக்டோபர் 21 அன்று டெல்லியின் ஐடிஓ சந்திப்புப் பக்கத்திலுள்ள மானியக் குழு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தபோது என்ன கேட்கிறோம் என்று வந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

சரி, தாளை எங்கே தேடுவது? வெட்டியது யார் என்பதைப் பொறுத்தது. மத்திய நிதி என்றால், ஒன்றிய பட்ஜெட்டில் உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது துறை தன் செலவுக்குக் கேட்கும் தொகையின் பட்டியலை, எடுங்கள். தமிழக அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை, எண் 20. கூடவே அந்த ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பு. பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்றியிருந்தால் அதன் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் கூட்டக் குறிப்பு. பட்ஜெட் அட்டவணையில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். அறிவிப்பு நாளில் செய்தியாவது முதல் பத்தி மட்டும்தான். திருத்திய மதிப்பீட்டில் குறைப்பது யார் கண்ணிலும் படாது. அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடனாக வரும் பணத்தையும் தனியே குறியுங்கள். 2016இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த உயர்கல்வி நிதி முகமை, கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் மானியம் தருவதில்லை, கடன்தான் தருகிறது. அசலைக் கல்வி நிறுவனம் தன் சொந்த வருமானத்திலிருந்து அடைக்க வேண்டும் என்று அப்போது வகுத்தார்கள். நிறுவனத்தின் சொந்த வருமானத்தில் நம் கட்டணமும் அடக்கம். புதுக் கட்டடம் வந்ததே என்று யாராவது வாதிட்டால் இதைச் சொல்லுங்கள்.

இணையத்தில் கிடைக்காததை ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், மூலம் வாங்கலாம். கட்டணம் 10 ரூபாய். தமிழக அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், தமிழிலேயே எழுதலாம். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். "இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல்", "கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுவாரியாக வந்த மானியம், உதவித்தொகையாக வழங்கிய தொகை" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, அந்தச் சட்டத்தின் பிரிவு 6(3).

மனுவில் யார் பெயர் போடுவது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். கைடின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மாணவரை முன்னே நிறுத்தாதீர்கள். பட்டம் வாங்கி வெளியே போன சீனியர் ஒருவர் போட்டாலும் அதே பதில்தான் வரும்.

அப்புறம், எந்த எண்ணை முன்னே வைப்பது என்ற கேள்வி. 2019இல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) ஹாஸ்டலின் இருவர் அறை வாடகையை மாதம் 10 ரூபாயிலிருந்து 300 ஆக்க முடிவெடுத்தார்கள். டிவியில் எல்லாம் "பத்து ரூபாய் வாடகையா?" என்றே பேசினார்கள். ஆனால் மாணவர் தலையில் விழவிருந்த பெரிய சுமை வேறு: மாதம் சுமார் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம் என்று அட்டவணையில் புதிதாக நுழைந்த ஒரு இனம். பழைய அட்டவணையையும் புதியதையும் ஒப்பிட்டு, முன்பு இல்லாத கட்டண இனம் எது என்று தேடுங்கள். துண்டறிக்கையின் தலைப்பில் வர வேண்டியது அதுதான். ஜேஎன்யு மாணவர்களுக்கு மிகவும் கைகொடுத்த புள்ளிவிவரம், பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையிலேயே இருந்தது: சுமார் 40 சதவீதம் பேரின் குடும்ப வருமானம் மாதம் 12,000 ரூபாய்க்கும் குறைவு. உங்கள் நிர்வாகம் அச்சிட்ட அறிக்கைகளையும் ஒருமுறை புரட்டுங்கள். தன் அறிக்கையையே நிர்வாகத்தால் மறுக்க முடியாது.

கோரிக்கை இரண்டு மூன்றுக்கு மேல் போக வேண்டாம். பொதுக்குழுவில் வாசித்து, எல்லோரும் கை தூக்கி ஏற்ற பிறகு பேச்சுவார்த்தைக்குப் போங்கள். போவது ஒருவராக இருக்கக் கூடாது. ஹாஸ்டலில் இருந்து ஒருவர், ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவர் ஒருவர், கட்டாயம் பெண்கள். அங்கே சொல்வதை அன்றே எழுத்தில் வாங்குங்கள்.

"கமிட்டி போட்டிருக்கிறோம்" என்பார்கள். எங்களுக்கும் அந்த அக்டோபரிலேயே அமைச்சகம் மறுஆய்வுக் குழு ஒன்றை அறிவித்தது. நாங்கள் எழுந்து போகவில்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். கமிட்டியின் வரம்பு என்ன, எந்தத் தேதியில் அறிக்கை, அதுவரை உதவித்தொகை தொடருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கலையக் கூடாது. டிசம்பர் 9 பேரணியில் போலீஸ் தடியடி நடத்தியது. ஊர்வலம் என்றால் வக்கீல் எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், செல்போனைப் பறித்துவிடக்கூடும்.

ஃபெல்லோஷிப் நிற்கவில்லை. ஆனால் 2012இல் வைத்த 8,000 அதன் பிறகு பல ஆண்டுகள் ஏறவே இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டதும் நடக்கவில்லை. ஆகவே வாபஸ் ஆணை கைக்கு வந்த மாதத்திலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்: யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு வரவானது, எத்தனை மாதம் பாக்கி. ஒவ்வொரு துறைக்கும் அதை எழுத ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், அவர் படிப்பு முடித்துப் போகும்போது ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.