மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சுற்றுலா போக எப்படித் திட்டமிடுவது?

தாத்தா பாட்டியிலிருந்து பேரக்குழந்தை வரை மொத்தக் குடும்பமும் கிளம்பும் பயணத்தை முதல்முறை திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 70 வயதுக்காரரும் 3 வயதுக் குழந்தையும் ஒரே வண்டியில் வரும்போது, பயணத்தின் வேகம் அவர்கள் இருவர் கையில்தான் இருக்கிறது. அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற ஊரைத் தேடுவதுதான் சுலபம்.

படி 1: பணத்தை முதலில் பேசுங்கள்

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பயணத்தின் நடுவில் மனக்கசப்பு வரும். தங்குமிடமும் வண்டியும் பொதுச் செலவா, யார் எவ்வளவு தருவது, பெரியவர்களின் பங்கை யார் ஏற்பது என்று முன்பே முடிவாகட்டும். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். கையில் பணம் இறுக்கமாக இருப்பவர் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்லமாட்டார். தனித்தனியாகப் பேசி, யாரால் குறைவாக முடியுமோ அந்தத் தொகையை வைத்துத் திட்டம் போடுங்கள்.

படி 2: ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்

பாட்டியிடம் "எங்கே போகலாம்?" என்று கேட்டால் "எனக்கு எதுவானாலும் சரி" என்பார். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாகக் கேளுங்கள்: ஒரே மூச்சில் எத்தனை படி ஏற முடிகிறது? உட்காராமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? எந்த அறை யாருக்கு என்பதைக் கடைசிக் கேள்வியே சொல்லிவிடும்.

குழந்தைகளின் தூக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து 1-2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3-4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தேவை. பதின்பருவப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் ஆசைப்பட்ட ஒரு விஷயமாவது திட்டத்தில் இருந்தால் உற்சாகமாக வருவார்கள்.

படி 3: இப்போது ஊர்

ஒரே ஊரில் தங்கி, பகலில் பக்கத்து இடங்களுக்குப் போய்வருவதுதான் இப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சரிவரும். அறை மாற்றும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்ட வேண்டும், மருந்துகளைத் தேடி எடுக்க வேண்டும், குழந்தை புது இடத்தில் தூங்கப் பழக வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும்.

மலைப்பகுதி என்றால் உயரத்தைப் பாருங்கள். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உயர நோய் யாருக்கும் வரலாம். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

படி 4: தங்குமிடத்துக்குப் போன் செய்யுங்கள்

இணையத்தில் இருக்கும் படங்கள் போதாது. வாசலிலிருந்து அறை வரை எத்தனை படிகள்? லிஃப்ட் எல்லா மாடிக்கும் போகுமா? பாத்ரூம் வாசலில் மேடு இருக்கிறதா? குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா, தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டுமா? மூட்டுவலி உள்ளவருக்கு அந்தத் தொட்டியின் விளிம்பு ஒன்றே தினமும் பயமாகிவிடும். ஈரத் தரையில் ஒருவர் வழுக்கினால் அத்தோடு பயணமே முடிந்துபோகும். கீழ்த்தளத்து அறைதான் வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 5: ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்

காலையில் எல்லோரும் சேர்ந்து ஒரு இடம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். மதியம் குழந்தையும் பெரியவர்களும் தூங்கட்டும், இளவட்டங்கள் விருப்பம்போல் வெளியே போகட்டும். மாலையில் விரும்புகிறவர்கள் மட்டும் கிளம்பினால் போதும். எந்நேரமும் எல்லோரும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி இருக்கிறார்கள் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவர்களும் ஓய்வெடுக்கத்தான் வந்திருக்கிறார்கள். எந்த மாலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 6: காகிதங்கள், மருந்துகள்

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு மட்டும் குழந்தை போனால், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் தேவைப்படலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள், சில நாளுக்கு அதிகமாகவும் மருத்துவர் சீட்டோடும். இன்சுலின் கண்டிப்பாக உங்களோடுதான் வர வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் அதைப் பயன்படுத்த முடியாது. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, அதனால் பெரியவர்களை அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொருவரின் மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவரின் எண், தங்குமிட முகவரி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பெரியவர்கள் ஒவ்வொருவரின் பையிலும் ஒரு நகல் வையுங்கள்.