ஏஐயிடம் எழுத்து வேலை வாங்குவது எப்படி? ப்ராம்ப்ட் எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

“வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை எழுது.”

நான் ஏஐயிடம் முதன்முதலில் கேட்டது ஏறக்குறைய இப்படித்தான். சில நொடிகளில் ஒரு பக்கம் வந்து விழுந்தது. “இன்றைய அவசர உலகில்” என்று தொடங்கி, “எனவே நாமும் செடி வளர்த்து இயற்கையோடு இணைவோம்” என்று முடிந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முழுவதும் படித்த பிறகும் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

அன்று ஏஐயைத் திட்டினேன். தப்பு என்னுடையது என்று பிறகுதான் புரிந்தது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எல்லாமே அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இதுவரை இருக்கும் எழுத்தைப் பார்த்து, அடுத்து என்ன வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகின்றன. யார் படிக்கப் போகிறார்கள், எதற்காக, எந்தக் கோணத்தில் என்று நாம் சொல்லாமல் விட்டால், அந்தக் காலியிடங்களை எல்லோரும் எழுதியதன் சராசரியைப் போட்டு நிரப்பிவிடும். ப்ராம்ப்ட் (ஏஐயிடம் நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை) எழுதுவது என்றால் அந்தக் காலியிடங்களை நாமே முந்திக்கொண்டு நிரப்புவதுதான். அதே செடிக் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படி 1: முதலில் ஒரு வரி, உங்களுக்காக

சாட் பெட்டியைத் திறக்கும் முன், ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். படித்து முடித்தவர் மனதில் என்ன நிற்க வேண்டும்? என் வாக்கியம் இது: “செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதே, அதிகத் தண்ணீர்தான் அதை வாட்டியிருக்கலாம்.”

இந்த வரி வரவில்லையா, ப்ராம்ப்டுக்குப் போகாதீர்கள். தலைப்பு மட்டும் கையில் இருக்கிறது, சொல்ல வேண்டிய விஷயம் இன்னும் இல்லை என்று அர்த்தம். அதை ஏஐயால் உங்களுக்காகக் கண்டுபிடிக்க முடியாது. பத்துத் தலைப்பு கொடு என்று கேட்டு மனதைக் கிளறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

படி 2: வாசகரை ஆளாகக் காட்டுங்கள்

“தொடக்கநிலையாளர்களுக்காக எழுது” என்பது போதாது. “இரண்டு செடி வாங்கி இரண்டையும் பட்டுப்போக விட்டவர். மூன்றாவதை வாங்கிவிட்டார், ஆனால் பயந்துகொண்டே தண்ணீர் ஊற்றுகிறார்.” இப்படி எழுதிப் பாருங்கள். எந்தச் சொல்லை விளக்க வேண்டும், எதை விளக்கத் தேவையில்லை, எந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இந்த ஆளிடமிருந்தே அதற்குக் கிடைத்துவிடும்.

“நீ உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்” என்று தொடங்கும் ப்ராம்ப்ட்கள் எங்கும் சுற்றுகின்றன. நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு அதனால் கிடைத்தது கூடுதல் அலங்காரம் மட்டுமே. எழுதுகிறவர் யார் என்று சொல்வதைவிடப் படிக்கிறவர் யார் என்று சொல்வது பல மடங்கு வேலை செய்கிறது.

படி 3: சரக்கை நீங்கள் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பலரும் ஏஐயிடம் தகவலையும் கேட்கிறார்கள், எழுத்தையும் கேட்கிறார்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். தகவல் உங்களிடமிருந்து போகட்டும், அதைக் கோத்து எழுதும் வேலை மட்டும் அதற்கு.

அழகாக எழுதத் தேவையில்லை, துண்டு துண்டாகக் குறித்தால் போதும். என் குறிப்புகள் இப்படி இருந்தன: வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் தண்ணீரே நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் மண் ஈரமாக இருந்தும் இலை வாடும். பார்க்கிறவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.

இவ்வளவுதான். ஆனால் அந்த “வாடும், அதனால் இன்னும் ஊற்றுவார்” என்ற சுழல் இருக்கிறதே, அதுதான் கட்டுரையின் உயிர். முதல் முறை வந்த பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

குறிப்புகளோடு ஒரு கட்டளையும் சேருங்கள்: “குறிப்பில் இல்லாத எண், ஆய்வு, மேற்கோள் எதையும் நீயாகச் சேர்க்காதே. தேவை என்று தோன்றினால் அந்த இடத்தில் ‘சரிபார்க்க’ என்று எழுதிவிட்டு மேலே போ.” ஏஐ இல்லாததை இருப்பதுபோல் எழுதும், அதுவும் தடுமாற்றமே இல்லாத நடையில். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். இந்தக் கட்டளை போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. எப்படி என்று கீழே பார்ப்போம்.

அப்புறம், வாடிக்கையாளரின் வெளிவராத ஆவணங்களையோ, பிறரின் சொந்த விவரங்களையோ குறிப்பு என்ற பெயரில் பேஸ்ட் செய்யாதீர்கள்.

படி 4: அளவும் வடிவமும்

இது சுலபம். எத்தனை பத்தி, துணைத்தலைப்பு வேண்டுமா, பட்டியலா உரைநடையா என்று சொல்லிவிடுங்கள். “சரியாக 400 சொல்” என்று கேட்டால் பெரும்பாலும் தவறும். இந்த மாடல்கள் சொல் கணக்கில் வேலை செய்வதில்லை, டோக்கன் எனும் துண்டுகளில் வேலை செய்கின்றன. ஒரு தமிழ்ச் சொல்லே பல டோக்கன்களாக உடையும். பத்திக் கணக்கு சொன்னால் ஓரளவு சொன்னபடி கேட்கும்.

படி 5: நடையை விவரிக்காதீர்கள், காட்டுங்கள்

“நட்பான தொனியில் எழுது” என்றால் ஆச்சரியக்குறிகள்தான் கூடும். அதைவிட, நீங்கள் முன்பு எழுதியதில் உங்களுக்கே பிடித்த இரண்டு பத்திகளை மாதிரியாகக் கொடுங்கள். ஓரிரு எடுத்துக்காட்டைப் பார்த்தே இந்த மாடல்கள் போக்கைப் பிடித்துக்கொள்ளும் என்பது 2020-இல், சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தபோதே பேசப்பட்ட விஷயம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்திருக்கிறேன். நான் கொடுத்த மாதிரியில் என் பழைய சைக்கிள் பற்றி ஒரு வரி இருந்தது. அடுத்து எழுதி வாங்கிய மூன்று கட்டுரைகளிலும், சம்பந்தமே இல்லாமல், ஒரு பழைய சைக்கிள் உருண்டு வந்தது. அதனால் “மாதிரியிலிருந்து வாக்கிய நடையை மட்டும் எடு, விஷயத்தை எடுக்காதே” என்று இப்போது தவறாமல் எழுதுகிறேன்.

தமிழில் எழுதி வாங்கும்போது இந்தப் படி இன்னும் முக்கியம். மாதிரி இல்லாவிட்டால் “இது ஒரு சிறந்த வழியாகும்”, “என்பதை உறுதி செய்யவும்” என்று மொழிபெயர்ப்பு வாடை வீசும். அந்தச் சொற்களைத் தடை செய்யலாம். ஆனால் “இது வேண்டாம்” என்பதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் என்ன வேண்டும் என்றும் சொன்னால்தான் பலன். “முன்னுரை வேண்டாம்” என்பதைவிட “முதல் வாக்கியத்திலேயே வாடிய செடியைக் காட்டு” என்பது நன்றாக வேலை செய்யும்.

எல்லாம் சேர்ந்த ப்ராம்ப்ட் இதோ:

“வீட்டுச் செடிக்கு அதிகத் தண்ணீர் ஊற்றுவது பற்றி ஐந்து பத்தியில் ஒரு கட்டுரை எழுது. மையக் கருத்து: செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதே, முதலில் மண்ணைப் பார். வாசகர்: இரண்டு செடிகளைப் பட்டுப்போக விட்டவர், மூன்றாவதைப் பயந்துகொண்டே வளர்ப்பவர். முதல் வாக்கியத்திலேயே வாடிய செடியைக் காட்டு. கடைசிப் பத்தி, விரலால் ஈரம் பார்ப்பதோடு முடியட்டும்; அறிவுரை வேண்டாம். பட்டியல் வேண்டாம். கீழே உள்ள குறிப்புகளில் இல்லாத தகவலைச் சேர்க்காதே. தேவையான இடத்தில் ‘சரிபார்க்க’ என்று எழுது. மாதிரியிலிருந்து நடையை மட்டும் எடு. குறிப்புகள்: … மாதிரி: …”

குறிப்புகள், மாதிரி என்று பெயர் போட்டுப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். எது கட்டளை, எது சரக்கு என்று குழம்பாமல் இருக்கத்தான்.

வந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: “இலைகள் தொங்கிவிட்டன. கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.” எனக்குத் திருப்திதான். ஆனால் மூன்றாம் பத்தியில் “வாரம் இரண்டு முறை ஊற்றினால் போதும்” என்று ஒரு வரி நைசாக நுழைந்திருந்தது. என் குறிப்பில் அது இல்லை. செடி, தொட்டி, வெளிச்சம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும் விஷயம் அது. அப்படிக் கிழமை பார்த்து ஊற்றுவதுதான் பல செடிகளைக் கெடுக்கிறது. ‘சரிபார்க்க’ என்ற குறியும் போடவில்லை. ஆக, வரி வரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

படி 6: இடம் சுட்டித் திருத்துங்கள்

“இன்னும் நன்றாக எழுது” என்றால் நன்றாக இருந்த வரிகளும் சேர்ந்து மாறிவிடும். நான் சொன்னது: “மூன்றாம் பத்தியில் வாரம் இரண்டு முறை என்ற வாக்கியத்தை எடு. பதிலாக, மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும் என்று சொல். மற்ற பத்திகளைத் தொடாதே.”

நான்கைந்து திருத்தத்துக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அதே சாட்டில் மல்லுக்கட்டாதீர்கள். அதுவரை நடந்த உரையாடல் முழுவதும், நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய வரைவுகள் உட்பட, அதன் கண் முன்னே இருக்கிறது; அந்த வாடை அடுத்த வரைவிலும் அடிக்கும். புதிய சாட் திறந்து, மூல ப்ராம்ப்டைத் திருத்திக் கொடுங்கள். என்ன திருத்துவது என்றே தெரியவில்லையா? ப்ராம்ப்டின் முடிவில் “எழுதும் முன், உனக்குத் தெரிய வேண்டிய ஐந்து விஷயங்களை என்னிடம் கேள்” என்று சேர்த்துப் பாருங்கள். அது கேட்கும் கேள்விகளில் குறைந்தது இரண்டாவது பெரும்பாலும் நீங்கள் காலியாக விட்ட இடங்களைப் பற்றியதாக இருக்கும்.

பழகிப் பார்க்க, நீங்களே முன்பு எழுதிய ஒரு சின்னக் கட்டுரையை எடுங்கள். அதை ஏஐயிடம் காட்டாமல், ப்ராம்ப்ட் வழியாக மட்டுமே அதற்கு நெருக்கமாக எழுதி வாங்க முயலுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்களுடையதில் இருந்து அதில் இல்லாதவற்றை அடிக்கோடிடுங்கள். அடுத்த ப்ராம்ப்டில் சேர்க்க வேண்டியவை அந்த அடிக்கோடுகள்தான்.