பெட்டிக்குள் இருப்பது அதே சீசன்தானா? பழைய சிட்காம் வாங்குவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி மொபைலைக் கொண்டுவந்து நீட்டினான். பழைய அமெரிக்க சிட்காம் (அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்) ஒன்றின் முதல் சீசன் டிவிடி செட், செகண்ட் ஹேண்ட், மலிவு விலை. "அண்ணா, வாங்கிடலாமா? அட்டை புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்றான். அட்டையைப் பார்த்து மயங்கி நான் கையைச் சுட்டுக்கொண்டு பல வருடம் ஆகிறது. அதே அட்டையில் அதே இடத்தில் அடுத்த தலைமுறையும் விழுகிறது.

கீறல் விழுந்த டிஸ்க், திருட்டுப் பிரதி, ஒரு டிஸ்க் குறைவான பெட்டி, இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும். பட்டாலும் புரியாத சில தவறுகள் இருக்கின்றன. வாங்கிப் பார்த்து முடித்த பிறகும், ஏமாந்தோம் என்பதே தெரியாது. அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

பாட்டு இருக்கிறதா என்று பார்க்காதது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

'டபிள்யூ.கே.ஆர்.பி இன் சின்சினாட்டி' என்று ஒரு தொடர். 1978 முதல் 1982 வரை அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. நான்கு சீசன், 90 எபிசோட். உருவாக்கியவர் ஹியூ வில்சன். ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் ஒரு நொடிந்துபோன வானொலி நிலையம். தாலாட்டு மாதிரி மெல்லிசை போட்டுக்கொண்டிருந்த அந்த நிலையத்துக்குப் புதிதாக வரும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், ஒரே நாளில் அதை ராக் நிலையமாக மாற்றுகிறார். அங்கே வேலை பார்க்கும் கிறுக்கர்களும், அவர்களை வைத்து மேய்க்கும் மேனேஜர் கார்ல்சனும்தான் கதை.

வானொலி நிலையத்துக் கதையில் பாட்டு என்பது சுவரில் மாட்டிய படம் மாதிரி இல்லை. அதுதான் சுவர். டிஜே ஜானி ஃபீவர் எந்த நேரத்தில் எந்த இசைத்தட்டைச் சுழல விடுகிறார் என்பதிலேயே பாதி நகைச்சுவை அடங்கியிருக்கும். அன்றைக்கு ஊரே கேட்டுக்கொண்டிருந்த அசல் பாட்டுகளைத்தான் அதில் போட்டார்கள்.

தொண்ணூறுகளில் வேலைக்காக நான் நியூ ஜெர்சியில் இருந்தபோது, மாடி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இந்தத் தொடர் விஎச்எஸ் டேப்பில் இருந்தது. எண்பதுகளில் மறு ஒளிபரப்பானபோது அவரே பதிவு செய்தது. நடுநடுவே கார் விளம்பரம், படத்தின் அடியில் வெள்ளைக் கோடு நெளியும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. செய்தி வாசிப்பாளர் லெஸ் நெஸ்மன், வரவேற்பறை அழகி ஜெனிஃபருடன் வெளியே போகத் தயாராகும் காட்சி முதல் சீசனில் வரும். அந்த அப்பாவி மனிதர் கண்ணாடி முன்னால் நின்று, மொத்தத் தீவிரத்தோடு தலையில் ஒரு விக்கை எடுத்து வைப்பார். பின்னணியில் ஃபாரினர் குழுவின் 'ஹாட் பிளடட்' அலறும். ரத்தம் கொதிக்கிறது என்று பாட்டு முழங்க, இங்கே ரத்தமே இல்லாத ஒரு மனிதர் விக்கைச் சரிசெய்கிறார். பெரியவரும் நானும் டேப்பை ரீவைண்ட் செய்து மூன்று தடவை பார்த்தோம்.

2007-இல் முதல் சீசன் டிவிடியாக வந்தது. கேள்விப்பட்டதுமே அமெரிக்காவில் இருந்த மச்சானிடம் சொல்லி வாங்கி, அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். வந்த அன்றே குடும்பத்தை உட்கார வைத்து, "இந்தக் காட்சியைப் பாருங்க, சிரிச்சு வயிறு வலிக்கும்" என்று முன்னுரை வேறு கொடுத்தேன். லெஸ் கண்ணாடி முன்னால் வந்தார். விக்கை எடுத்தார். பின்னணியில் ஏதோ ஒரு கிதார், யாரோ சும்மா வாசித்துப் பழகுகிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் இளையராஜா பாட்டு ஓட, கடைசி சீட்டில் ஒருவன் ஜன்னலோரம் பார்த்துச் சிரிக்கிறான் என்று ஒரு காட்சி இருந்தால், பாட்டை உருவிவிட்டு அந்த இடத்தில் கீபோர்டில் 'டொய்ங் டொய்ங்' என்று போட்டால் எப்படி இருக்கும்? அவன் ஏன் சிரிக்கிறான் என்றே தெரியாது. இங்கே நடந்ததும் அதுதான்.

காரணம் எளிது. ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்: பாட்டை எழுதி இசையமைத்தவரின் உரிமை ஒருவரிடம், அந்தப் பதிவின் உரிமை இசைத்தட்டு நிறுவனத்திடம். எழுபதுகளில் ஒப்பந்தம் போட்டவர்கள் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக, அதுவும் குறிப்பிட்ட சில வருடங்களுக்கு மட்டும் வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு பெட்டி போட்டு விற்கும் காலம் வரும் என்று யார் நினைத்தார்கள்? வருடம் முடிந்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பப் பேரம். கட்டுப்படியாகாது என்று பாட்டை எடுத்துவிட்டுக் கூலி இசையைப் போட்டுவிட்டார்கள். சில காட்சிகளையே வெட்டினார்கள்.

இது டிவிடியில் தொடங்கிய வியாதியும் இல்லை. பிற்கால மறு ஒளிபரப்புப் பிரதிகளிலேயே கை வைத்தாயிற்று. ஜெனிஃபர் வீட்டு அழைப்பு மணி அசலில் 'ஃப்ளை மீ டு த மூன்' மெட்டில் அடிக்கும். அதை மாற்றி, ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் 'பியூட்டிஃபுல் ட்ரீமர்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாட்டை வைத்தார்கள். உரிமை காலாவதியான பாட்டு, காசு தர வேண்டாம். காலிங் பெல்லைக் கூட விட்டுவைக்கவில்லை!

இதில் என் தவறு எது என்றால், பின்னட்டையைப் படிக்காததுதான். இந்த மாதிரி செட்டுகளின் பின்னட்டையில் கீழே, பார்கோடு பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்கும்: இந்த வீட்டு வெளியீட்டுக்காக இசை மாற்றப்பட்டுள்ளது, சில எபிசோட்கள் ஒளிபரப்பான வடிவிலிருந்து திருத்தப்பட்டிருக்கலாம் என்று. சட்டப்படி சொல்லிவிட்டார்கள், நமக்குப் படிக்கத்தான் லென்ஸ் வேண்டும். அன்றைக்கு நான் முன்னட்டையில் இருந்த எட்டு முகங்களையும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

2014-இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு உரிமை வாங்கி நான்கு சீசனையும் சேர்த்து வெளியிட்டது. அதையும் வாங்கினேன். ஆக, ஒரே முதல் சீசனுக்கு இரண்டு தடவை பணம். பழைய செட்டை விற்கலாம் என்று பார்த்தால், விவரம் தெரிந்தவன் எவனும் வாங்கமாட்டான். தெரியாதவன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அலமாரியில் இன்னும் இருக்கிறது, எனக்கு நானே வைத்துக்கொண்ட குட்டு மாதிரி.

ஒன்று சொல்ல வேண்டும். அதே சீசனில், விளம்பரத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து உயிருள்ள வான்கோழிகளை வணிக வளாகத்தின் மேல் தூக்கிப் போடும் எபிசோட் இருக்கிறது. கீழே நின்று லெஸ் நேரடி வர்ணனை செய்வார். அந்த உச்சக் காட்சிக்குப் பின்னணிப் பாட்டு தேவையில்லை, அதனால் 2007 செட்டிலும் நன்றாகவே சிரிக்கலாம். எனவே எந்தத் தொடரை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் சிரிப்பு வசனத்தில் இருக்கிறதா, பாட்டில் இருக்கிறதா என்பது. வசனம் என்றால் தைரியமாக வாங்கலாம். பாட்டு என்றால், எந்த வருட வெளியீடு, எந்தப் பாட்டு மாறியிருக்கிறது என்று விசாரிக்காமல் காசை எடுக்காதீர்கள்.

நிமிடத்தைக் கணக்குப் போடாதது

எழுபதுகளில் அரை மணி நேர சிட்காம் என்றால் விளம்பரம் போக சுமார் 25 நிமிடம் ஓடும். பிறகு மறு ஒளிபரப்புக்குப் போகும்போது கூடுதல் விளம்பரத்துக்காக 22 நிமிடம் வரை நறுக்கிவிடுவார்கள். சில செட்டுகளில் இந்த நறுக்கிய பிரதியையே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 2005-இல் வந்த 'ரோசான்' முதல் சீசன் செட் இதற்குப் பேர்போனது.

பெட்டியில் மொத்த நிமிடம் போட்டிருக்கும். எபிசோட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எழுபதுகளின் தொடருக்கு 22 எபிசோட், 550 நிமிடம் என்றால் சரி. 480 என்றால் கத்தரி விழுந்திருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் வந்த தொடர்களுக்கு அசலே ஒன்றிரண்டு நிமிடம் குறைவு, அதற்கேற்ப எதிர்பாருங்கள்.

இதில் ஒரு பொய் அலாரமும் உண்டு. ஃபிலிமில் எடுத்த அமெரிக்கத் தொடரின் பிரிட்டன் டிவிடியில் 25 நிமிட எபிசோட் 24 நிமிடம்தான் ஓடும். எதையும் வெட்டவில்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் என்று எடுத்ததை அங்கே 25 ஆக ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். குரல் மட்டும் இம்மி கீச்சென்று இருக்கும். நான் இதை வெட்டு என்று நினைத்து ஒரு விற்பனையாளரிடம் சண்டைக்குப் போய், பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

திரை நிறையவில்லையே என்று கவலைப்படுவது

பழைய தொடர்கள் சதுரத்துக்குப் பக்கமான 4:3 அளவில் எடுத்தவை. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதைப் பொறுக்க முடியாமல் இன்றைய அகல டிவியின் 16:9-க்கு நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும்.

'சைன்ஃபெல்ட்' தொடரில் 1997-இல் வந்த ஒரு எபிசோடின் பெயரே சாலைப் பள்ளம். ஜார்ஜின் சாவிக்கொத்து பள்ளத்தில் விழுந்து, மேலே தார் ஊற்றிவிடுவார்கள். 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் அகலத் திரையாக வந்தபோது, ஜார்ஜும் ஜெர்ரியும் குனிந்து எதையோ பார்க்கிறார்கள். பள்ளம் திரைக்குக் கீழே போய்விட்டது. பழைய டிவிடியில் பள்ளம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் டிவி ரிமோட்டில் இருக்கும் ஜூம் பட்டனும் இதே வேலையைத்தான் செய்யும், கை வைக்காதீர்கள்.

டேப்பில் எடுத்ததை ஹெச்டியில் தேடுவது

1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. அதனால் இன்றைக்கும் ஸ்கேன் செய்து பளிச்சென்று ப்ளூரே போட முடிகிறது. அதற்கு இருபது வருடம் கழித்து வந்த 'ஆல் இன் த ஃபேமிலி' வீடியோ டேப்பில் எடுத்தது. படத்தை உருவாக்கும் கோடுகள் அதில் இருப்பது அவ்வளவுதான், எந்த மெஷினில் போட்டு அரைத்தாலும் புதிதாக விவரம் பிறக்காது.

டபிள்யூ.கே.ஆர்.பி-யும் டேப்தான். டேப்பில் எடுத்த நிகழ்ச்சிக்குப் பாட்டு உரிமைக் கட்டணம் குறைவு என்பதற்காகவே அப்படி எடுத்தார்கள். பாட்டுக்காகப் படத்தின் தரத்தை விட்டுக்கொடுத்து, கடைசியில் பாட்டும் போயிற்று பாருங்கள்.

கணினியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் கையை அசைக்கும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். விஎல்சி பிளேயரில், இந்தக் கோட்டை நீக்கும் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டு, யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். கோடும் போகும், டேப்புக்கே உரிய வழுக்கலான அசைவும் கிடைக்கும்.

ரீஜன் எண்

எந்தப் பகுதியில் விற்க வந்த டிவிடி என்று சொல்லும் எண் இது; பிளேயரின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் ஓடாது. அமெரிக்க டிவிடி 1, இந்தியா 5. கணினி டிரைவில் இந்த எண்ணை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவது தடவை எதில் நிற்கிறதோ அதோடு சரி.

ஆடியோ மெனுவைத் திறக்காதது

போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' தொடரில், பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலி வேண்டும் என்று அடம்பிடித்தது தொலைக்காட்சி நிறுவனம். எடுத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று சமரசம். டிவிடியில் சிரிப்பொலி இல்லாத ஒலித்தடம் தனியாகவே இருக்கிறது. முதல் சீசன் முழுக்க அந்தச் சிரிப்பைச் சகித்துக்கொண்டு பார்த்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போர்க்கள மருத்துவமனையில் ஒருவன் கசப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறான், யாரும் சிரிக்கவில்லை. அப்படிப் பார்த்தால் அதுவே வேறு தொடர் மாதிரி இருக்கிறது.

இரண்டு பக்க டிஸ்க்

இரண்டு பக்கமும் படம் பதிந்த டிஸ்க்கை முடிந்தால் வாங்காதீர்கள். பிடிக்க இடமே இல்லை.

ஒரே ராத்திரியில் முடிப்பது

வாரத்துக்கு ஒன்று என்று பார்க்க எழுதியவை இவை. லெஸ் நெஸ்மன் உடம்பில் எப்போதும் எங்காவது ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். வாரம் ஒரு தடவை பார்க்கிறவருக்கு, இன்றைக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுவதே ஒரு சுகம். ஏழு எபிசோடை வரிசையாகப் போட்டால் நாலாவதிலேயே அது வெறும் பிளாஸ்திரி. நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பொங்கல் லீவு விதிவிலக்கு.

அந்தத் தம்பியிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "பின்னட்டையை, கீழே இருக்கும் பொடி எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். சரிண்ணா என்று போனான். சாயங்காலம் வாட்ஸப்பில் படம் வந்தது. முன்னட்டை.