ஸ்லாட் வெளியே வந்தால் மட்டும் போதாது: இறக்கை முன்விளிம்பு வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையிறங்கும் விமானத்தில் இறக்கையின் பின்பக்கம் விரியும் ஃபிளாப் எல்லோர் கண்ணிலும் படும். முன்விளிம்பும் முன்னே நகர்ந்து குனிவதைக் கவனிப்பவர்கள் குறைவு. அதுதான் ஸ்லாட் (slat). அதற்கும் இறக்கைக்கும் நடுவே விழும் பிளவின் பெயரும் ஸ்லாட்தான் (slot); ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் பிளவை இங்கே இடைவெளி என்றே சொல்கிறேன்.

முதல் தவறு இந்த இடைவெளியிலேயே தொடங்குகிறது. அதன் வழியே பாயும் வேகக் காற்று, இறக்கையின் மேலே சோர்ந்துபோன காற்றுக்குத் தெம்பு கொடுக்கிறது என்றுதான் பலரும் படித்திருப்போம். டக்ளஸ் நிறுவனத்தின் ஏ.எம்.ஓ. ஸ்மித் 1970களில் இதை மறுத்தார். ஸ்லாட்டைச் சுற்றி உருவாகும் காற்றோட்டம் இறக்கை முன்விளிம்பில் மேலே இழுக்கும் உறிஞ்சு அழுத்தத்தைத் தணிக்கிறது; முக்கிய வேலை அதுதான் என்று காட்டினார். பழைய விளக்கத்தை நம்பி இடைவெளியை மிகவும் இறுக்கினால், ஸ்லாட்டின் பின்னால் வரும் கலங்கிய காற்று இறக்கையின் எல்லைப்படலத்தோடு, அதாவது பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கோடு, கலந்து தூக்குவிசையைக் கெடுக்கும். அப்புறம், பறக்கும்போது இறக்கை மேலே வளையும். தரையில் அளந்து வைத்த இடைவெளி அங்கே அப்படியே இருக்காது. வளைந்த இறக்கைக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

எப்போதும் இடைவெளி வேண்டும் என்பதும் இல்லை. மேலெழும்போது இழுவிசை குறைய வேண்டும் என்பதால் சில போயிங் விமானங்களில் ஸ்லாட் இறக்கையோடு ஒட்டியபடி முன்னே வரும், தரையிறங்கும்போதுதான் திறக்கும்.

சரி, இதெல்லாம் காற்றுச்சுரங்கத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது, ஹைட்ராலிக் போனால் ஸ்லாட் என்ன செய்யும் என்பது. 1979 மே 25 அன்று சிகாகோ ஓஹேரில் ஒரு டிசி-10 மேலெழும் நேரத்தில் இடது எஞ்சின், அதை இறக்கையோடு பிணைக்கும் பைலானோடு பிய்ந்து போனது. போகும்போது முன்விளிம்பில் ஓடிய ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனது. ஸ்லாட்டை வெளியே நிறுத்தியிருந்தது குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய்தான். தனியாக இயந்திரப் பூட்டு கிடையாது. எண்ணெய் போனதும் இடது இறக்கையின் வெளிப்புற ஸ்லாட்டுகளைக் காற்றே உள்ளே தள்ளிவிட்டது. வேகம் 159 நாட் (மணிக்குச் சுமார் 294 கி.மீ.) அளவுக்குக் கீழே போனால் அந்த இறக்கை இப்போது ஸ்டால் ஆகிவிடும், அதாவது தூக்குவிசையை இழந்துவிடும். விமானிகளோ, ஓர் எஞ்சின் போனால் கடைப்பிடிக்கச் சொன்ன விதிப்படி வேகத்தை 153 நாட் அளவுக்குக் குறைத்தார்கள். அவர்கள் மீது குற்றம் சொல்ல முடியாது. ஸ்லாட்டுகள் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் எச்சரிக்கைக்கும், ஸ்டால் வருவதைச் சொல்லி விமானியின் கையிலுள்ள ஸ்டிக்கை நடுங்கவைக்கும் கருவிக்கும் அந்தப் போன எஞ்சினிலிருந்துதான் மின்சாரம் வந்தது. 273 பேர் இறந்தார்கள். எஞ்சின் விழுந்ததற்குக் காரணம் பராமரிப்பில் நடந்த தவறு. ஆனால் அதற்குப் பிறகும் பறந்திருக்கக்கூடிய விமானம் அது. உருண்டு விழவைத்தது ஸ்லாட்.

ஆகவே சக்தி போனாலும் ஸ்லாட் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இரு இறக்கைகளையும் ஒரே சுழல்தண்டால் இணைத்து, நுனியில் பிரேக் வைப்பது இப்போது பரவலான வழி. எச்சரிக்கைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஸ்லாட் வடிவமைப்பவரே கேட்டாக வேண்டும். அது வேறு துறையின் வேலை என்று விடக்கூடாது.

நீளாத ஸ்லாட் நீண்டுவிட்டதாக விமானி நம்ப இடம் கொடுப்பதும் தவறுதான். 1974 நவம்பரில் நைரோபியில் ஒரு போயிங் 747, ஸ்லாட்டின் வேலையைச் செய்யும் முன்விளிம்பு ஃபிளாப் நீளாமலே மேலெழுந்தது. அவற்றை இயக்குவது எஞ்சினிலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்று. அதன் வால்வுகள் மூடியிருந்தன. 59 பேர் இறந்த பிறகுதான் போயிங் எச்சரிக்கை அமைப்பைச் சேர்த்தது.

கடைசியாக ஒரு சின்ன வாஷர். ஸ்லாட்டைத் தாங்கும் தண்டவாளம் உள்ளிழுக்கும்போது எரிபொருள் தொட்டிக்குள் நீளும் ஒரு குவளைக்குள் போய் உட்காரும். 2007இல் ஒகினாவாவின் நாஹாவில் தரையிறங்கிய ஒரு 737-800இல், அந்தத் தண்டவாளத்தின் போல்ட்டில் நட்டோடு இருக்க வேண்டிய வாஷர் ஒன்று பராமரிப்பின்போது விட்டுப்போயிருந்தது. நட்டைவிட அது இருந்த துளை பெரியது. வாஷர் இல்லாமல் நட்டும் போல்ட்டும் கழன்று குவளைக்குள் விழுந்தன. ஸ்லாட்டை உள்ளே இழுத்தபோது தண்டவாளம் போல்ட்டை அழுத்தி, குவளையைத் துளைத்தது. எரிபொருள் கசிந்து விமானமே எரிந்தது. 165 பேரும் இறங்கித் தப்பினார்கள். நட்டைத் துளையைவிடப் பெரிதாக வைத்திருந்தால் வாஷர் மறந்தது யாருக்கும் தெரிந்தே இருக்காது.