ஓவனில் பேக் செய்யாத சத்து உருண்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரீச்சம்பழம், வேர்க்கடலை, எள், ஓட்ஸ். இந்த நான்கும் வீட்டில் இருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு டப்பா சத்து உருண்டை தயார். ஓவன் வேண்டாம், மைதா வேண்டாம், முட்டை வேண்டாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் செய்வது இத்தனை எளிது என்பதாலேயே அவசரமும் வந்துவிடுகிறது. உருண்டை பிடிக்க வராமல் உதிர்கிறது, மூன்றாம் நாள் புளித்த வாடை அடிக்கிறது, சாப்பிட்டால் வயிறு மந்தமாக இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே காரணங்கள்தான்: சரியாக வறுக்காதது, தேவையில்லாமல் தண்ணீர் சேர்த்தது.

ஓவன் இல்லையென்றால் வாணலியும் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வதில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது. கடலை மாவு, கோதுமை மாவு, கேழ்வரகு மாவு எதையும் பச்சையாக உருண்டையில் சேர்க்கக் கூடாது. வயலிலிருந்து வரும் தானியத்தில் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. மாவாக அரைத்துவிட்டால் அவை செத்துவிடுவதில்லை. 2016-ல் அமெரிக்காவில் கோதுமை மாவு வழியாக ஈ.கோலை தொற்று பரவி, கடைகளிலிருந்து மாவைப் பெருமளவில் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கிருமி ஒருபுறம் இருக்க, பச்சை மாவு செரிப்பதும் கடினம், வாயில் மாவு வாடையும் போகாது.

மாவை வாங்கி வறுப்பதைவிட, தானியத்தை முழுதாக வறுத்து பிறகு அரைப்பதே நல்லது. முழுத் தானியம் சீராகச் சூடேறும். மாவு அடியில் கருகி மேலே பச்சையாக நின்றுவிடும். நம் பழைய பலகாரங்களில் இந்த ஒழுங்கு இருக்கிறது. பொரிவிளங்காய் உருண்டைக்குப் பாசிப்பருப்பையும் அரிசியையும் சிவக்க வறுத்த பிறகுதான் அரைப்பார்கள். முருகனுக்குப் படைக்கும் தேனும் தினை மாவும் உருண்டையாகப் பிடிக்க ஆசைப்பட்டால், தினையைக் கழுவிக் காயவைத்து வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். வறுக்க நேரமே இல்லாத நாளில் பொட்டுக்கடலை கைகொடுக்கும். அது ஏற்கெனவே வறுத்த பொருள். பொடித்து, நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, சூடான நெய் ஊற்றிப் பிடித்தால் மாலாடு.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதும் வேண்டாம். வேர்க்கடலை உள்வரை வறுபட சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம் ஆகும். எள் இரண்டு மூன்று நிமிடத்தில் படபடவென்று பொரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று பச்சை, ஒன்று கருகல். எள் கொஞ்சம் கருகினாலும் முழு உருண்டையும் கசக்கும். அந்தக் கசப்பை எத்தனை வெல்லத்தாலும் மறைக்க முடியாது. அதனால் பொரியும் சத்தம் அடங்கத் தொடங்கும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். எள்ளை முதலில் தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் மண்ணை நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வறுக்க வேண்டும். ஓட்ஸ் வாங்கும்போது தட்டையான ரோல்டு ஓட்ஸாகப் பாருங்கள். அது ஆவியில் வேகவைத்துத் தட்டப்பட்டது, ஐந்து நிமிட வறுவல் போதும். உடைத்த ஓட்ஸ் இதற்கு ஆகாது, கல் மாதிரி கடிபடும்.

வறுத்ததும் மிக்ஸியில் போடுவது அடுத்த அவசரம். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் சேரும். கைச்சூடு கூட இல்லாமல் ஆறட்டும். பிறகும் ஒரேயடியாக ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் வேர்க்கடலையும் முந்திரியும் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். எள்ளுருண்டைக்கு மட்டும் இந்த எண்ணெய் கொஞ்சம் வேண்டும். வறுத்த எள்ளைக் கொரகொரப்பாகப் பொடித்து, வெல்லத்தூள் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று சுற்றினால், எள்ளின் எண்ணெயே பிடிமானம் தரும். பாகு வேண்டாம், நெய் வேண்டாம், தண்ணீர் சொட்டுகூட வேண்டாம். உரலில் இடித்தால் ருசி இன்னும் கூடும்.

இனி தண்ணீர். பேரீச்சம்பழம் காய்ந்து கெட்டியாக இருந்தால் வெந்நீரில் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊறிய பழத்தை எவ்வளவு பிழிந்தாலும் ஈரம் நிற்கும். கலவை கையில் ஒட்டும், அதைச் சரிசெய்ய ஓட்ஸை மேலும் மேலும் கொட்ட வேண்டிவரும், கடைசியில் உருண்டை சப்பென்று ஆகி இரண்டு நாளில் கெட்டும் போகும். பதிலாக, கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் பழம் மெழுகாக இளகும். இந்த உருண்டைகள் கெடாமல் இருப்பதற்குக் காரணமே இனிப்பின் செறிவும் ஈரமின்மையும்தான். கிருமி வளரத் தேவையான தண்ணீர் அங்கே கிடைப்பதில்லை. பாலோ, பச்சைத் தேங்காய்த் துருவலோ, மசித்த வாழைப்பழமோ சேர்த்த உடனே அந்தக் காவல் போய்விடும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அன்றே தின்று தீர்த்துவிடுங்கள். தேங்காய் மணம் வேண்டுவோருக்குக் கொப்பரைத் துருவல் இருக்கிறது. அதையும் லேசாக வறுத்துச் சேர்க்கலாம். உருட்டும்போது உள்ளங்கையில் தண்ணீர் தொட்டுக்கொள்ளாமல் நெய் தடவிக்கொள்ளுங்கள்.

வெல்லத்தில் மண்ணும் தூசும் இருக்கும் என்பதால் கரைத்து வடிகட்டுவது நம் வழக்கம். வடிகட்டிய கரைசலை அப்படியே மாவில் ஊற்றினால் மேலே சொன்ன அதே தண்ணீர்ச் சிக்கல். கரைத்தால் மறுபடி அடுப்பில் ஏற்றி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதம்வரை காய்ச்சியாக வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் சுத்தமான நாட்டுச் சர்க்கரையைச் சலித்துச் சேர்க்கலாம்.

இனிப்பைப் பற்றித்தான் நாம் நம்மை அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம். வெள்ளைச் சர்க்கரை போடவில்லை, ஆகவே எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிற நினைப்பு பல வீடுகளில் இருக்கிறது. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். நார்ச்சத்து இருக்கிறது, தாதுக்கள் இருக்கின்றன, உண்மை; ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான். வெல்லமும் தேனும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வரிசையில் வருகின்றன. அந்த நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள். முடிந்தால் 5 சதவீதத்துக்குள், அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், வேர்க்கடலை 100, எள் 50, ஓட்ஸ் 50. மொத்தம் 400 கிராமில் 20 உருண்டை பிடித்தால், ஒன்றில் சுமார் 80 கலோரி, 6 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை, 2 கிராமுக்குச் சற்று மேல் புரதம். நெல்லிக்காய் அளவில் பிடித்து ஒன்றிரண்டு சாப்பிட்டால் நல்ல சிற்றுண்டி. எலுமிச்சை அளவில் பிடித்து ஐந்து சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேலேயே போய்விடும். இதைப் புரத உருண்டை என்று சொல்லிக்கொள்வதும் மிகைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, பழம்தானே என்று அன்போடு நான்கு உருண்டை வைக்காதீர்கள். பழத்தைப் பாதியாகக் குறைத்து, வேர்க்கடலையையும் எள்ளையும் கூட்டினால் பெரியவர்கள் நாக்குக்கு அதுவே பிடிக்கும். ஒரு சிட்டிகை உப்பும் சுக்குப்பொடியும் சேர்த்தால் குறைந்த இனிப்பே நிறைவாகத் தெரியும்.

வேர்க்கடலையைப் பார்த்துப் பொறுக்காமல் போடுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு பூஞ்சையிலிருந்து வருவது. கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கசக்கும் கடலையை மென்றுவிட்டால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஆளிவிதையை முழுதாகப் போட்டால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறும். பொடித்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே செய்யும் அன்றே தேவையான அளவு மட்டும் பொடித்துக்கொள்ளுங்கள்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் தரக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு முந்திரி, பாதாம், கடலை தெரியும்படி உருட்டாதீர்கள், தொண்டையில் சிக்கும். நைசாக அரைத்து, உருண்டையாக இல்லாமல் தட்டையாகத் தட்டி, உட்காரவைத்துக் கொடுங்கள். மற்ற பிள்ளைகளோடு பகிர்ந்து சாப்பிடும் டப்பாவில் வைக்கும்போது, யாருக்காவது வேர்க்கடலை, எள், முந்திரி ஒவ்வாமை உண்டா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

உருட்டியதும் டப்பாவில் அடைக்காமல், தட்டில் பரப்பி முழுதாக ஆறவிட்டு, துளி ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். பேரீச்சம்பழம் சேர்த்தவை குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வெளியே வைத்தால் மூன்று நாளுக்கு மேல் நம்ப வேண்டாம்.