புது லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போன் பேசவில்லையா? கடைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள்

போன சனிக்கிழமை பெரியம்மா மகள் பொம்மனஹள்ளி பி.ஜி.யிலிருந்து லேப்டாப் பையோடு எங்கள் அல்சூர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முதல் சம்பளத்தில் ஹெட்போன் வாங்கியிருந்தாள், அடுத்து தவணையில் லேப்டாப். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் காட்டினாளாம். "ஹெட்போன்ல புளூடூத் போயிடுச்சும்மா, புதுசு வாங்கிக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளுக்கு ஆன்லைன் மீட்டிங்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மெட்ரோவில் வரும்போது பாட்டு கேட்டியா?"

"கேட்டேனே அக்கா. ஆர்.வி. ரோட்டில் மாறி, மெஜஸ்டிக்கில் மாறி, அல்சூர்ல இறங்குற வரைக்கும்."

அப்படியென்றால் ஹெட்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைக்குள் கிடக்கும் போன் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். டிரைவர் (கருவியை இயக்க வைக்கும் மென்பொருள்), அப்டேட் என்று ஓடுவதற்கு முன்னால் ஹெட்போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் வின்டோஸ் 11 லேப்டாப்புக்கு. புது லேப்டாப் என்றால் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

படி 1: போனிலிருந்து விடுவியுங்கள்

போனில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். பாட்டை நிறுத்தினால் மட்டும் போதாது, புளூடூத்தையே அணைக்க வேண்டும். வீட்டில் டேப்லெட், டிவி, பழைய ஆபீஸ் லேப்டாப் என்று இதற்கு முன் இணைத்த எது இருந்தாலும் அதிலும் அணையுங்கள். ஹெட்போனை ஆன் செய்தால் கடைசியாகப் பேசிய கருவியைத்தான் அது முதலில் தேடும். அது பக்கத்து அறையில் இருந்தால் சத்தமில்லாமல் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இங்கே லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் ஹெட்போன்களும் உண்டு. அட்டைப் பெட்டியில் மல்டிபாயின்ட் என்று போட்டிருக்கும். அதிலும் முதல் தடவை லேப்டாப்போடு இணைக்கும்போது போனை ஒதுக்கி வையுங்கள். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஹெட்போனைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஹெட்போனை ஆன் செய்வது வேறு, பேரிங்கில் வைப்பது வேறு. ஆன் ஆன ஹெட்போன் பழைய நண்பர்களை மட்டும்தான் தேடும். பேரிங்கில் இருந்தால்தான் "நான் இங்கே இருக்கிறேன்" என்று புதியவர்களுக்கும் குரல் கொடுக்கும்.

தலையில் மாட்டும் ஹெட்போன் என்றால் முதலில் அணைத்துவிட்டு, பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒரு 'டிங்' சத்தம் கேட்கும். அதோடு கையை எடுத்துவிடாதீர்கள், அது ஆன் ஆனதற்கான சத்தம்தான். இன்னும் சில விநாடிகள் அழுத்தினால் சிறிய விளக்கு சிவப்பும் நீலமுமாகவோ, நீலம் மட்டும் வேகமாகவோ மின்னத் தொடங்கும். அதுதான் பேரிங். என் தங்கை ஒவ்வொரு தடவையும் அந்த 'டிங்' கேட்டதும் விரலை எடுத்துவிட்டாள். கடையில் இருந்தவரும் அதையேதான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

காதுக்குள் செருகும் பட்ஸ் என்றால் பெரும்பாலும் டப்பாவிலேயே பட்டன் இருக்கும். பட்ஸ் உள்ளே இருக்க, மூடியைத் திறந்து வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டனே இல்லாத மாடல்களும் இருக்கின்றன, அதற்குக் கூட வந்த காகிதத்தைப் பார்ப்பதுதான் வழி. பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜில் போட்டுவிடுங்கள், பாதியில் அணைந்துபோய் உங்களைக் குழப்பாது.

படி 3: லேப்டாப்பில் சேருங்கள்

வின்டோஸ் கீயையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். இடது பக்கம் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் ஆட் டிவைஸ், அதில் புளூடூத். விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள், பேரிங் நிலை சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். பெயர் வந்ததும் தட்டுங்கள்.

பெயரே வரவில்லையா? அதே பக்கத்தில் டிவைசஸ் என்பதற்குள் போய்க் கொஞ்சம் கீழே இறங்கினால் புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி என்று ஒன்று இருக்கும். அதில் டிஃபால்ட் என்று இருப்பதை அட்வான்ஸ்டு என்று மாற்றுங்கள். டிஃபால்டில் வழக்கமான பொருட்களை மட்டும்தான் வின்டோஸ் காட்டும்.

ஏற்கெனவே ஒருமுறை இணைந்து, இப்போது இணைய மறுக்கிறதென்றால், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி ரிமூவ் டிவைஸ் கொடுங்கள். பிறகு படி 2-இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் சேமித்து வைத்திருக்கும் ரகசியச் சாவி பொருந்தாமல் போனால் எத்தனை தடவை கனெக்ட் அமுக்கினாலும் பலிக்காது.

படி 4: இணைந்துவிட்டது, சத்தம் மட்டும் லேப்டாப்பிலிருந்தே வருகிறது

இது சின்ன விஷயம். கன்ட்ரோல், வின்டோஸ், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சத்தம் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல் வரும், ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். மீட்டிங் ஆப்களுக்குள் தனியாக ஸ்பீக்கர், மைக் தேர்வு இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வின்டோஸில் மாற்றினாலும் ஆப் தன் பழைய பிடிவாதத்தில் நிற்கலாம்.

படி 5: பாட்டு அருமை, மீட்டிங் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை முழுக்க இதில்தான் போனது. பாட்டு நன்றாகப் பாடியது. சோதனைக்காக மீட்டிங் திறந்ததும் சத்தம் சட்டென்று பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, கடைக்காரர் சொன்னது சரிதான் போல" என்றாள்.

ஹெட்போன் கெடவில்லை. புளூடூத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பாட்டுக்கு ஒரு வழி, அதன் பெயர் ஏ2டிபி. ஸ்டீரியோவாக, நல்ல தரத்தில், ஒரே திசையில் போகும். பேசுவதற்கு இன்னொன்று, எச்.எஃப்.பி. இதில் சத்தம் போகவும் வேண்டும், மைக்கிலிருந்து வரவும் வேண்டும். அந்த நெரிசலில் ஸ்டீரியோ போய்விடும். சி.டி. பாட்டில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிவார்கள். பேச்சு வழியில் அது 16,000, பழைய கருவிகளில் 8,000 மட்டுமே. ஏதாவது ஒரு ஆப் ஹெட்போனின் மைக்கைத் தொட்ட மறு நொடியே வின்டோஸ் இந்தக் குறுகிய வழிக்கு மாற்றிவிடும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனை வையுங்கள். மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் மைக்கை யாரும் தொடாததால் பாட்டு வழியிலேயே சத்தம் வரும். அமைதியான அறை என்றால் லேப்டாப் மைக்கே போதும். பி.ஜி.யில் மூன்று பேர் தங்கும் அறை என்றால் அவர்கள் பேசுவதும் சேர்ந்து கேட்கும், அங்கே ஹெட்போன் மைக்தான் மேல். தரம் குறைந்தாலும் உங்கள் குரல் மட்டும் போகும்.

எல்.இ. ஆடியோ என்ற புதிய முறை இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் வந்தது. ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்து பயனில்லை.

படி 6: விட்டு விட்டுக் கேட்கிறதா?

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பழைய வைஃபையும் அங்கேதான், வயர்லெஸ் மவுஸும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். ஹெட்போன் சும்மா நிற்பதில்லை, விநாடிக்கு 1,600 தடவை வரை தடம் மாறி மாறித் தாவித் தப்பிக்கப் பார்க்கும். ஆனாலும் ஒரு மாடியில் இருபது வைஃபை பெயர்கள் தெரியும் பெங்களூரு பி.ஜி.யில் அது எங்கே தாவும்? நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் லேன் மாறிப் பார்க்கிற மாதிரிதான்.

உங்கள் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாகத் தெரிந்தால் லேப்டாப்பை அதில் இணையுங்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிறு அட்டையில்தான் இருக்கின்றன, அதனால் இந்த மாற்றம் உடனே தெரியும்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாது: யூ.எஸ்.பி. 3, அதாவது ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை வேகமாக இணைக்கும் வழி. இதில் தகவல் ஓடும்போது எழும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. தங்கையின் லேப்டாப்பில் சி-டைப் துளைகள்தான், அதனால் ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் ஒன்று வாங்கியிருந்தாள். அந்த ஹப்பில் ஒரு துளையில் ஹார்ட் டிஸ்க், ஒட்டினாற்போல் அடுத்த துளையில் மவுஸின் டாங்கிள், அதாவது மவுஸோடு வரும் குட்டி யூ.எஸ்.பி. ரிசீவர். படம் காப்பி ஆக ஆரம்பித்ததும் கர்சர் நொண்டியடித்தது, காப்பி முடிந்ததும் சரியானது. டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி, மேசையின் மறு ஓரத்தில் மவுஸ் பக்கமாக வைத்தோம். நொண்டல் நின்றுவிட்டது.

படி 7: மவுஸ், கீபோர்டு

உங்கள் மவுஸ் டாங்கிள் வகையா, புளூடூத் வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டாங்கிள் வகையை ஆட் டிவைஸில் மணிக்கணக்கில் தேடினாலும் வராது, குட்டி டாங்கிளைச் செருகினாலே போதும். டாங்கிள் தொலைந்துவிட்டது என்று நினைத்தால் மவுஸின் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், பல மாடல்களில் அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்கள். அடியில் இருக்கும் ஆன் சுவிட்சையும் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், நானே ஏமாந்திருக்கிறேன்.

புளூடூத் கீபோர்டு சேர்க்கும்போது திரையில் ஒரு எண் வரலாம். அதை லேப்டாப்பின் கீபோர்டில் அடித்தால் பலிக்காது. புதுக் கீபோர்டில் அடித்து, அதிலேயே என்டர் தட்ட வேண்டும்.

படி 8: புளூடூத் பட்டனையே காணோம்

ஷட் டவுன் செய்து திறந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் லேப்டாப் ஷட் டவுனில் முழுதாகத் தூங்குவதில்லை, பழைய நிலையைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுங்கள், அதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் வராவிட்டால் செட்டிங்ஸில் வின்டோஸ் அப்டேட், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ஆப்ஷனல் அப்டேட்ஸ். புளூடூத் டிரைவர் ஏதாவது காத்திருந்தால் டிக் செய்து போடுங்கள். அங்கே ஒன்றுமில்லையென்றால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைக் கொடுத்தால் அதற்கான டிரைவர் வரும். தேடலில் முதலில் வந்து விழும் "டிரைவர் அப்டேட்டர்" ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். காசும் போகும், வேண்டாததும் உள்ளே வரும்.

கடைசியாக, வின்டோஸ் கீயும் எக்ஸும் அழுத்தி டிவைஸ் மேனேஜர் திறந்து, புளூடூத் என்பதன் கீழ் இருக்கும் அடாப்டரை வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யலாம். வின்டோஸ் தானாகவே மறுபடி போட்டுக்கொள்ளும். ஆனால் புளூடூத் மவுஸை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், நடுவழியில் மவுஸ் செத்துவிடும். டச்பேடில் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால்

ஹெட்போனை வேறொருவர் லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். வேறொரு ஹெட்போனை உங்கள் லேப்டாப்பில் இணைத்துப் பாருங்கள். எதில் கோளாறு என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு பில்லை எடுத்துக்கொண்டு அந்தப் பொருளின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள், தெருமுனைக் கடையில் திறக்கவிட்டால் வாரன்டி போய்விடலாம். வாரன்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மீட்டிங் நாளைக் காலையிலேயே என்றால்? லேப்டாப்பின் பக்கவாட்டில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். மேசை டிராயரில் சுருண்டு கிடக்கும் பழைய வயர் இயர்போன் அதில் பொருந்தும். பேரிங்கும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். தங்கை கிளம்பும்போது அவள் பையில் அப்படி ஒன்றைப் போட்டுத்தான் அனுப்பினேன்.